கையெழுத்துக்கு முந்தைய நாள்

கம்பம் பள்ளத்தாக்கில் 999 என்ற எண்ணை அறியாதவர் குறைவு. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் திவான் வி. ராமய்யங்காரும் ஆங்கிலேய ஆட்சியின் சார்பில் ரெசிடெண்ட் ஜே. சி. ஹானிங்டனும் கையெழுத்திட்ட பெரியாறு குத்தகைப் பத்திரத்தின் கால அளவு அது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள், முடிந்தபின் இன்னொரு 999 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1895இல், ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தது. மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிய தண்ணீரில் கூடலூரும் கம்பமும் உத்தமபாளையமும் பசுமை கண்டன. அந்தத் தண்ணீர் கடைசியில் வந்து தேங்குவது ஆண்டிபட்டி தாலுகாவில், 1959இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையில்.

இந்தப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞர் கையில் கொடுத்தால் அவர் கண் எங்கெங்கே போகும் என்று எளிதில் சொல்லிவிடலாம். கையெழுத்திட்டவர்களுக்கு அதற்கான அதிகாரம் இருந்ததா? 1947இல் ஆங்கிலேயர் போனபோது பத்திரமும் போய்விட்டதா? அவர்கள் இடத்தில் இன்று நிற்கும் வாரிசு யார்? உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே 7 அன்று தீர்ப்புச் சொன்னபோது எடுத்துக்கொண்ட கேள்விகளில் இவையும் உண்டு. பத்திரம் செல்லும் என்றே தீர்ப்பானது.

அதே காகிதத்தை முதலீட்டு வங்கியில் வேலை செய்யும் ஒருவர் கையில் கொடுங்கள். அவர் முதலில் ஒரு பெருக்கல் போடுவார்: 8,000 தடவை 5, ஆண்டுக்கு 40,000 ரூபாய். அடுத்து, இனிவரும் ஆண்டுகளில் எல்லாம் கிடைக்கப்போகும் 40,000 ரூபாய்களுக்கு இன்று கையில் என்ன விலை என்று கேட்பார். கணக்குக்காக வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முடிவே இல்லாமல் ஆண்டுதோறும் 40,000 கிடைக்கும் என்றால் அதன் இன்றைய மதிப்பு 10 லட்சம் ரூபாய். அதில் முதல் 100 ஆண்டுகளின் பங்கு மட்டும் சுமார் 9,80,200. மிச்சமுள்ள 899 ஆண்டுகளுக்கும் சேர்த்து வருவது ஏறக்குறைய 19,800 ரூபாய். வட்டியை 8 விழுக்காடாக உயர்த்தினால் மொத்த மதிப்பு 5 லட்சமாகக் குறையும். கடைசி 899 ஆண்டுகளின் விலை 227 ரூபாய்க்கு வந்துவிடும். நாம் தலைமுறை தலைமுறையாகப் பேசும் அந்த 999 என்ற எண்ணில், பணக் கணக்கைப் பொறுத்தவரை, சாரம் அநேகமாக இல்லை. சாரம் இருந்தது பத்திரத்தில் எழுதப்படாத ஒரு வரியில். வாடகையை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்ற வரி அதில் இல்லை. 1970இல் புதிய உடன்படிக்கை ஏக்கருக்கு 30 ரூபாய் என்று மாற்றும்வரை 84 ஆண்டுகள் வாடகை ஐந்து ரூபாயிலேயே நின்றது.

முதல் வாசிப்பில் பயிற்சி பெற்றவர் இரண்டாவது வாசிப்புக்கு மாற முடியுமா, மாறினால் எதை எடுத்துச் செல்கிறார், எதை விட்டுச் செல்கிறார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சட்டம் படித்துவிட்டு முதலீட்டு வங்கிக்குப் போவதைப் பம்பாய்க்காரர்களின், நியூயார்க்காரர்களின் சமாசாரமாகவே நம் ஊர்களில் பார்க்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேனியில் அரசு சட்டக் கல்லூரி 2019இல் தொடங்கிவிட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் இயங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு நெருக்கமான இடைவெளிக்குப் பின் 2022 மே மாதம் மதுரை–தேனி ரயில் ஆண்டிபட்டி வழியாக மறுபடி ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கத்து வீடுகளில் முதல் தலைமுறை வழக்கறிஞர்கள் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் வருமானம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஓர் ஆவணச் சான்றும் உண்டு: 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை கிடைக்க வழிசெய்யும்படி பார் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டு படித்துவிட்டுச் சீனியரின் கட்டுகளைச் சுமந்து வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணோ பையனோ வேறு வாசல் உண்டா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஆராய்ந்து பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். முதலீட்டு வங்கி நம் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வதில்லை, நகைக்கடன் தருவதில்லை. பணம் தேவைப்படும் நிறுவனத்துக்கும் பணம் வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் நின்று, பங்காகவோ கடன் பத்திரமாகவோ விற்றுக் கொடுப்பதும், ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது விலை பேசி முடிப்பதும் அதன் தொழில். இந்தியச் சட்டத்தில் அதன் பெயர் மெர்ச்சண்ட் பேங்கர். 1967இல் கிரிண்ட்லேஸ் வங்கி இந்தியாவில் இந்தச் சேவையைத் தொடங்கியது. 1992இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இதற்கென்று தனி விதிகளை வகுத்தது.

ஆனால் இந்த வேலையின் சாரம், அதாவது நம்பிக்கை இழந்து நிற்கும் பணத்தைத் திரட்டி ஒரு நிறுவனமாக நிறுத்துவது, நம் மண்ணுக்குப் புதிதில்லை. அதைச் செய்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் வக்கீல்கள்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் மிக உறுதியானது என்று பெயரெடுத்திருந்த அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஓய்வூதியம் வாங்கிய அரசு ஊழியர்களும் சிறு சேமிப்புக்காரர்களும் தங்கள் பணத்தை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். லண்டனில் இருந்த பங்காளி பேட்ரிக் மக்ஃபேடியன் ஊக வியாபாரத்தில் பணத்தை விட்டார்; செய்தி வெளிவந்த நேரத்தில் ரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையில் இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு நீதிமன்றம் 18 மாதக் கடுங்காவல் விதித்தது. அந்தக் காலத்தில் ஓர் ஆங்கிலேயப் பிரபுவுக்கு இந்தியச் சிறை என்பது ஊரையே உலுக்கிய செய்தி.

திவால் வழக்கில் முன்னணியில் நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863இல் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தவர். அரசியலில் மிதவாதி, ஆனாலும் 1907இல் பாரதியின் பாடல்களைத் தன் செலவில் அச்சிட்டு இலவசமாகப் பரப்பியவர். மயிலாப்பூரில் 1906இல் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. வழக்கில் நியாயம் கேட்டுக் கொடுப்பதோடு வக்கீலின் வேலை முடிந்துவிடும். கட்சிக்காரருக்கு ரூபாய்க்கு இத்தனை அணா என்று திரும்பும். அதை வாங்கிக்கொடுத்து ஃபீஸை வாங்கிக்கொள்ளலாம். கிருஷ்ணசாமி ஐயர் அங்கே நிற்கவில்லை. வீழ்ச்சி நடந்த சில வாரங்களிலேயே நண்பர்களைக் கூட்டி, இந்தியர்கள் நடத்தும் ஒரு வங்கி வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். நகரத்தார் பெருமக்களை, குறிப்பாக ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தமையன் ராமசாமிச் செட்டியாரை, இந்த முயற்சிக்குள் இழுத்தார். 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15 அன்று வேலையைத் தொடங்கியது. ஒரு பெரும் திவாலுக்கும் அதன் மாற்றுக்கும் நடுவே பத்து மாதம்கூட ஆகவில்லை. பின்னாளில் அந்த வங்கியின் தலைமையகம் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் இருந்த மனையிலேயே எழுந்தது.

அந்தப் பத்து மாதத்தில் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் கேள்விக்கான விடையின் பாதி அதில் இருக்கிறது. நகரத்தார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடன் கொடுத்து வாங்கிப் பழகியவர்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்த வட்டிக்கு, எந்த விளைச்சலின்மேல் என்ற கணக்கு அவர்களுக்குத் தலைமுறைப் பாடம். கிருஷ்ணசாமி ஐயருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் கொண்டுவந்தது வடிவம். அர்பத்நாட் ஒரு கூட்டு வணிகம். பங்காளிகளின் பெயரே அதன் பிணை. உள்ளே என்ன நடக்கிறது என்பது பணம் போட்டவருக்குத் தெரியாது. இந்தியன் வங்கி 1882ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம். பங்குதாரர், இயக்குநர் குழு, தணிக்கை செய்த கணக்கு, ஆண்டுக் கூட்டம் எல்லாம் உண்டு. பணம் எந்த ஓட்டை வழியாகப் போனது என்பதைக் கட்டுக்கட்டாகப் படித்தவர், அடுத்த பாத்திரத்தில் அந்த ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொண்டார். இது முழுக்க முழுக்க வக்கீலின் அறிவு. அதோடு, பங்கு வாங்குங்கள் என்று ஊரை நம்பவைக்க ஒரு நாவன்மையும் நற்பெயரும் வேண்டும். அதுவும் அவரிடம் இருந்தது.

அவர் தனி ஆளில்லை. கோழிக்கோட்டில் 1899இல் நெடுங்காடி வங்கியைத் தொடங்கிய அப்பு நெடுங்காடியும் வக்கீல்தான். மலையாளத்தின் முதல் நாவல் என்று சொல்லப்படும் குந்தலதாவை 1887இல் எழுதியவர். மங்களூரில் 1906 ஜூலையில், அர்பத்நாட் விழுவதற்கு மூன்று மாதம் முன்பு, பிற்காலத்துக் கனரா வங்கிக்கு வித்திட்ட நிதியைத் தொடங்கிய அம்மெம்பாள் சுப்பராவ் பையும் வக்கீல். வடக்கே லாகூரில் 1895இல் திறந்த பஞ்சாப் நேஷனல் வங்கியின் பின்னணியில் லாலா லஜபதி ராயும் பாரிஸ்டர் ஹர்கிஷன் லாலும் இருந்தார்கள். ஒரே தலைமுறையில் இத்தனை வக்கீல்கள் வங்கி கட்டியதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஆங்கிலேயச் சட்டத்தையும் கம்பெனிப் பத்திரங்களையும் படிக்கத் தெரிந்த இந்தியர்கள் அன்று பெரும்பாலும் அவர்கள்தான்.

இந்தப் பட்டியலில் ஹர்கிஷன் லாலின் கதை கசப்பானது. அதனாலேயே சொல்ல வேண்டியது. மற்றவர்களைவிட அதிகமாக அவர் தொழில் பக்கம் சாய்ந்தார். வங்கி, காப்பீடு, ஆலை என்று விரித்துக்கொண்டே போனார். அவர் வளர்த்த பீப்பிள்ஸ் வங்கி 1913 நெருக்கடியில் விழுந்தது. திரும்பவும் எழுந்தார், அமைச்சரும் ஆனார், கடைசியில் திவாலானவராகவே 1937இல் இறந்தார். சட்டம் தெரிந்தவர் கட்டிய பத்திரங்கள் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், நீண்டகாலச் சொத்தில் முடங்கிய பணத்தைக் குறுகியகால வைப்புத்தொகைக்காரர் கேட்கும்போது கொடுக்க முடியாது. அது வடிவத்தின் குறையில்லை, கணக்கின் குறை. கிருஷ்ணசாமி ஐயரோ கறுப்பு அங்கியைக் கழற்றவே இல்லை. வங்கியை நிறுத்திவிட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பினார். 1909இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1911இல் கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர், அந்த ஆண்டு டிசம்பரிலேயே 48 வயதில் மரணம். தொழில் மாறாமலே மாற்றுத் தொழிலின் வேலையைச் செய்தவர் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும்.

முழுதாகக் கரையேறியவர்களைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகலாம். ராபர்ட் ரூபின் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு 1966இல் கோல்ட்மேன் சாக்ஸில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த இடம் இணைப்பு ஊகம்: இரண்டு நிறுவனங்கள் இணைவதாக அறிவித்தபின் அந்த இணைப்பு நடக்குமா, நீதிமன்றமோ அரசோ தடுக்குமா என்று கணித்துப் பங்கு வாங்குவது. சட்டப் படிப்பு நேரடியாகப் பணமாகும் இடம் அது. புரூஸ் வாசர்ஸ்டீன், கிராவத் என்ற சட்ட நிறுவனத்தில் இணைப்பு வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர். 1977இல் எதிர்ப்பக்க மேசைக்கு மாறி ஃபர்ஸ்ட் பாஸ்டனில் சேர்ந்து, அடுத்த பத்து ஆண்டில் அந்தத் துறையின் பெரும்புள்ளி ஆனார். அவர் சட்டத்தோடு வணிக மேலாண்மையும் படித்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. லாயிட் பிளாங்ஃபெயின் கதை வேறு. வரிச் சட்ட வழக்கறிஞராக இருந்தவர், கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கியிருந்த ஜே. ஆரன் என்ற பண்ட வணிக நிறுவனத்தில் தங்கம் வெள்ளி விற்கும் விற்பனையாளராகச் சேர்ந்தார். அங்கே சட்டப் படிப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை, அடியிலிருந்து தொடங்கினார். 2006இல் கோல்ட்மேன் சாக்ஸின் தலைவரானார். மூன்றும் மூன்று வழி: சட்டத்தை அப்படியே பயன்படுத்துவது, சட்டத்தோடு கணக்கைச் சேர்த்துக்கொள்வது, சட்டத்தை மறந்துவிடுவது. நம் பிள்ளைகளுக்கு நடு வழிதான் நடக்கக்கூடியது என்பது என் முடிவு. அதற்கான ஆதாரம் நம் விதிப் புத்தகங்களிலேயே இருக்கிறது.

மெர்ச்சண்ட் பேங்கராகப் பதிவு பெற விரும்புவோருக்கான தகுதியைச் செபியின் 1992 விதிகள் சொல்லும்போது நிதி, சட்டம், வணிக மேலாண்மை ஆகிய மூன்றில் ஒன்றில் தொழில்முறைப் படிப்பு என்று வகுத்தன. சட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே நாற்காலி போட்டிருக்கிறார்கள். 2016இல் திவால் சட்டத் தொகுப்பு வந்தபோது, நொடித்த நிறுவனத்தைக் கையிலெடுத்து நடத்தும் திவால் தொழில்முறையாளர் ஆவதற்குத் தேர்வோடு பத்து ஆண்டு வழக்கறிஞர் அனுபவமும் போதும் என்றார்கள். ஆனால் 2017இல் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் வந்தன. பங்குகளையும் நிதிச் சொத்துகளையும் மதிப்பிட யார் தகுதியானவர் என்ற பட்டியலில் பட்டயக் கணக்கர், செலவுக் கணக்கர், கம்பெனிச் செயலர், நிதியில் முதுகலைப் படிப்பாளர் இருக்கிறார்கள். வழக்கறிஞர் இல்லை. சட்டம் படித்தவர் ஒப்பந்தத்தைக் கட்டலாம், விழுந்த நிறுவனத்தை எடுத்து நிறுத்தலாம். அதன் விலை என்ன என்று சொல்லத் தகுதியில்லை என்று சட்டமே சொல்கிறது. கடினமான தீர்ப்புதான். நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

விலை சொல்வது எப்படிப்பட்ட வேலை என்பதைப் புரிந்துகொள்ளப் போடிநாயக்கனூர் வரைக்கும் போனால் போதும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் ஏலக்காய் குவியல் குவியலாக விலை போகிறது. வாங்குபவர் மாதிரியைப் பார்க்கிறார், நிறம், பருமன், காய்ச்சல் பதம் பார்த்து மனதில் ஒரு விலை வைக்கிறார், கணினியில் கேட்கிறார். முதல் பங்கு வெளியீட்டிலும் இதுவே நடக்கிறது, இரண்டு வித்தியாசங்களோடு. ஏலக்காயில் ஒவ்வொரு குவியலுக்கும் தனி விலை. பங்கு வெளியீட்டில் ஒரு விலை வரம்பு அறிவித்து, கேட்புகளையெல்லாம் திரட்டி, எல்லோருக்கும் ஒரே விலையில் முடிக்கிறார்கள். வரம்பின் உச்சம் அடிவிலையின் 120 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது வித்தியாசம் பெரியது. ஏலக்காய் கண்முன்னே கிடக்கிறது, கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். பங்கு வாங்குபவர் கையில் இருப்பது காகிதம் மட்டுமே. அந்தக் காகிதம்தான் மாதிரி. அதில் நிலுவை வழக்குகள், முக்கிய ஒப்பந்தங்கள், சொத்துரிமை, உறவினர் நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல், ஆபத்துகள் எல்லாம் உண்மையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சரிபார்த்தோம் என்று மெர்ச்சண்ட் பேங்கர் செபிக்குச் சான்றளிக்க வேண்டும். பொய் இருந்தால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 34, 35ஆம் பிரிவுகள் குற்றப் பொறுப்பையும் இழப்பீட்டுப் பொறுப்பையும் சுமத்துகின்றன. சட்டம் படித்தவர் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறார். சரிபார்ப்பு மேசை அவருடைய சொந்த நிலம். விலை சொல்லும் மேசை பக்கத்து அறை. அங்கே போக வேறு பாடம் வேண்டும்.

அந்தப் பாடத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சிறுநகர வழக்கறிஞரின் மேசையில் வருஷம் முழுவதும் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். வங்கிக்கு லீகல் ஒப்பீனியன்: தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல். புரோநோட் வழக்கு, மூன்று ஆண்டு காலவரையறைக்குள். செக் வழக்கு: வங்கியிலிருந்து திரும்பிய தகவல் வந்த முப்பது நாளுக்குள் அறிவிப்பு, பதினைந்து நாள் அவகாசம், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் புகார். 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வங்கி அனுப்பிய அறுபது நாள் அறிவிப்போடு ஓடிவரும் சிறு ஆலைக்காரர். 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தைக் கேட்டு வரும் சக்கம்பட்டி நெசவாளர். இத்தனையும் கடன் சம்பந்தப்பட்டவை. கடன் எப்படி முறிகிறது என்பதை ஒரு பெருநகர முதலீட்டு வங்கியின் இளம் அலுவலரைவிட இந்த வழக்கறிஞர் பத்து மடங்கு அதிகமாகப் பார்த்திருக்கிறார். ஒரு குறை மட்டும்: பார்ப்பது எல்லாமே முறிந்த பிறகு. கையெழுத்துக்கு முந்தைய நாள் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்பது ‘டைட்டில் சரியா’ என்ற ஒரே கேள்வி. இந்த நிலத்தின்மேல் இவ்வளவு கடனை இந்தத் தொழில் தாங்குமா என்று கேட்பதில்லை.

ஒரு சிறிய நூற்பாலையை எண்ணிக்கொள்வோம். பஞ்சு வரத்துக் காலத்தில் மொத்தமாக வாங்கிக் கிடங்கில் அடுக்க வேண்டும். நூலாகி விற்று, கடனுக்கு எடுத்த வியாபாரியிடமிருந்து பணம் வர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களுக்கு வங்கிக் கடன் ஓடுகிறது. வழக்கறிஞர் அந்த ஆலையின் அடமானப் பத்திரத்தைப் பார்க்கிறார். முதலீட்டு வங்கிக்காரர் பஞ்சு எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது, நூலுக்கான பணம் எத்தனை நாளில் வருகிறது, பஞ்சு விலை கண்டிக்கு எவ்வளவு ஏறினால் வட்டி கட்ட முடியாமல் போகும் என்று பார்க்கிறார். இந்த மூன்று எண்களைக் கற்றுக்கொள்ள மேதாவித்தனம் வேண்டாம். இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, ரொக்க ஓட்ட அறிக்கை மூன்றையும் பத்திரம் படிப்பதுபோல் வரி வரியாகப் படிக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை சட்டம் படித்தவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. கணக்கைக் கண்டால் பின்வாங்கும் பழக்கம் ஒன்றுதான் தடை. பள்ளியில் கணிதத்தைத் தவிர்க்கவே சட்டத்துக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நடைமுறை வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேராக ஆண்டிபட்டியிலிருந்து மும்பை முதலீட்டு வங்கியின் வாசலுக்குப் போனால் கதவு திறக்காது. சென்னையிலோ மும்பையிலோ நிறுவனச் சட்டம் பார்க்கும் ஓர் அலுவலகத்தில், பங்கு வெளியீட்டு ஆவணங்கள் எழுதும் குழுவில் சில ஆண்டு. அங்கிருந்து மெர்ச்சண்ட் பேங்கரின் சரிபார்ப்புக் குழு. இது ஒரு பாதை. நல்ல நிறுவனத்தில் இரண்டு ஆண்டு மேலாண்மைப் படிப்பு இன்னொன்று, செலவு அதிகம். கம்பெனிச் செயலர் படிப்பு மூன்றாவது. செலவு குறைவு, காலம் நீளம். தேசியப் பத்திரச் சந்தைகள் பயிலகமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சண்ட் பேங்கிங் தேர்வு ஓர் ஆரம்பப் படி. வேலைக்கான வாய்ப்பு நம் பக்கத்திலும் உண்டு: 2012இல் மும்பை, தேசியப் பங்குச் சந்தைகள் இரண்டும் சிறு நடுத்தர நிறுவனங்களுக்கென்று தனி மேடை தொடங்கின. வெளியீட்டுக்குப் பின் மூலதனம் 25 கோடி ரூபாய்க்கு மிகாத நிறுவனங்கள் அங்கே வரலாம். நம் பக்கத்து ஆலைக்காரர்களுக்கும் மசாலா வியாபாரிகளுக்கும் அந்த மேடை எட்டும் உயரத்தில் இருக்கிறது. அவர்களின் மொழியும் குடும்பப் பங்கும் பங்காளிச் சண்டையும் தெரிந்த ஒருவர் அந்த வேலைக்கு வேண்டும்.

இந்த மாற்றத்தில் கொடுக்க வேண்டிய விலை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பார் கவுன்சில் விதிகளின்படி முழுநேரச் சம்பள வேலைக்குப் போகும் வழக்கறிஞர் அதைக் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். திரும்பி வரலாம், கதவு பூட்டப்படுவதில்லை. ஆனால் கட்சிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். இது வெளியில் தெரியும் விலை. உள்ளே இருக்கும் விலை இன்னும் கனமானது. வழக்கின் வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று கேட்பது ஒழுங்கீனம். முதலீட்டு வங்கியிலோ ஃபீஸின் பெரும்பகுதி பேரம் முடிந்தால்தான் வரும். கையெழுத்து விழவில்லை என்றால் ஆறு மாத உழைப்பு வீண். ‘இதில் கையெழுத்துப் போடாதீர்கள்’ என்று சொல்வதற்காகவே பழகிய வாய், கையெழுத்து விழுந்தால்தான் சம்பாதிக்கும் இடத்துக்குப் போகிறது. ஃபீஸ் தருபவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இழக்கப்போகும் முதலீட்டாளர் எங்கோ முகம் தெரியாமல் இருக்கிறார். அர்பத்நாட்டில் பணம் போட்ட ஓய்வூதியக்காரரைப் போல. சட்டத்திலிருந்து வருபவர் இந்தப் புதிய தொழிலுக்குக் கொண்டுவரக்கூடிய அரிய பொருள், அந்த முகம் தெரியாதவரை நீதிமன்ற வராந்தாவில் நேரில் பார்த்த நினைவு. ஐந்தாறு ஆண்டுச் சம்பளத்துக்குப் பிறகும் அந்த நினைவு மங்காமல் இருந்தவர்களைத்தான் நான் இந்த மாற்றத்தில் வென்றவர்கள் என்று கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

போக நினைப்பவர்களுக்கு, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்பே, ஆண்டிபட்டியில் உட்கார்ந்தபடி செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். சீனியரிடம் கேட்டு, தீர்ப்பாகிப் பழசாகிப்போன ஒரு செக் வழக்கின் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னிலிருந்து முன்னுக்குப் படியுங்கள்: தீர்ப்பு, குறுக்கு விசாரணை, புகார், அறிவிப்பு, திரும்பிய செக். செக்கில் உள்ள தேதிக்கும் முன்னால் போய், கடன் கைமாறிய நாளில் நில்லுங்கள். கடன் வாங்கியவரின் அந்த வருஷத்துச் சரக்கு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, மாதம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கட்டுக்குள் கிடைக்கும் காகிதங்களை வைத்தே ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அன்றைக்கு நீங்கள் அவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையையும் வட்டியையும் எழுதுங்கள். உண்மையில் கொடுக்கப்பட்ட தொகை புகாரின் முதல் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.